பவளம் அத்தை உன்னோடு பேசாததற்குக் காரணம்

சுகந்தி,

தீபாவளிக்கு வந்திருந்தபோது நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். பலகாரத் தட்டுகளை லயத்து வீடுகளில் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடி, "அப்பா, பவளம் அத்தை ஏன் என்கூட பேசல? நான் என்ன பண்ணேன்?" என்றாய். நான் கையிலிருந்த பேப்பரை விட்டுத் தலையைத் தூக்காமல், "விழுந்ததுல இருந்து அவளுக்கு மனசு சரியில்லம்மா, எல்லாருகிட்டயும் அப்படித்தான் இருக்கா" என்றேன். அது பொய். பவளம் எல்லாரோடும் பேசுகிறாள், சிரிக்கிறாள், வழக்கம்போல் சண்டையும் பிடிக்கிறாள். உன்னோடு மட்டும்தான் பேசவில்லை. அதற்குக் காரணம் நான். இன்னும் இருபத்திரண்டு நாளில் உனக்குக் கல்யாணம். நீ மணவறையில் உட்காரும்போது, இந்தத் தோட்டத்தில் உன்னைப் பற்றி என்ன பேசிக்கொண்டார்கள், அதை யார் பேச வைத்தது என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். உன் பெயரைக் கெடுத்தவன் உன்னைத் தாரை வார்த்துக் கொடுக்கப்போகிறவன்தான். அதை மறைத்துவிட்டு உன் கையைப் பிடித்துக் கொடுக்க எனக்குத் தைரியமில்லை.

உனக்குக் கொழும்பில் வேலை கிடைத்த வாரத்தில் இது ஆரம்பித்தது. அன்று நீ தொலைபேசியில் எவ்வளவு பொறுமையாக விளக்கினாய் என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது. உங்கள் கம்பெனி காலையில் மின்னஞ்சலில் செய்தி இதழ் அனுப்புகிறது, தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் வருகிறது, வாசிப்பவர்கள் ஒரு சதமும் கொடுக்க வேண்டியதில்லை, இடையில் வரும் விளம்பரங்களால்தான் கம்பெனி நடக்கிறது, அந்த விளம்பரங்களைப் பிடித்து வருகிற பிரிவில்தான் நான் சேர்ந்திருக்கிறேன் என்றாய். நான் "செய்தி" என்ற சொல்லைக் கேட்டுக்கொண்டேன், மற்றதை விட்டுவிட்டேன். நீ அனுப்பிய முதல் இதழை டவுனில் உள்ள கொமியூனிகேஷன் கடையில் அச்செடுத்து, கடைசியில் இருந்த பெயர்ப் பட்டியலை அந்தக் கடை முதலாளியிடம் நீட்டிக் காட்டினேன். உன் பெயருக்கு மேலே "விளம்பரப் பிரிவு" என்று போட்டிருந்தது. என் கட்டைவிரல் அந்த இரண்டு சொற்களின்மேல் இருந்தது. தற்செயலாக அல்ல, தெரிந்தேதான் வைத்தேன். முதலாளி கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "துவ பத்தரே லியனவா நேத?" என்று கேட்டார், மகள் பேப்பரில் எழுதுகிறாளாமே என்று. நான் "ஒவ்", ஆமாம் என்றேன். அவ்வளவுதான். அன்று சாயங்காலத்துக்குள் கிளார்க் ஐயாவின் மகள் பத்திரிகைக்காரி என்று தோட்டம் முழுவதும் தெரிந்துவிட்டது.

நீ கேட்பாய், விளம்பர வேலையில் என்ன குறைச்சல் என்று. ஒரு குறைச்சலும் இல்லை. குறைச்சல் என் மண்டையில் இருந்தது. முப்பத்தொரு வருடம் இந்த ரப்பர் தோட்டத்துக் கந்தோரில் கிளார்க்காக நான் உட்கார்ந்திருந்த மேசைக்கு எதிரே ஒரு வாங்கு கிடந்தது. உரம் விற்க வருகிறவர்கள், வாளி விற்க வருகிறவர்கள், காப்புறுதிக்காரர்கள் எல்லாரும் அதில்தான் உட்காருவார்கள். தோட்டத்தை நடத்தும் துரை உள்ளே சும்மாதான் இருப்பார். ஆனாலும் நான் "துரை பிஸி, கொஞ்சம் இருங்க" என்று சொல்லி மணிக்கணக்கில் அவர்களைக் காக்க வைப்பேன். துரை சொல்லிச் செய்த நாளும் உண்டு, யாரும் சொல்லாமல் நானாகச் செய்த நாளும் உண்டு. லயத்தில் பிறந்தவனுக்குக் கையில் கிடைத்த ஒரே அதிகாரம் அதுதான். உன் வேலை என்ன என்று நீ சொன்னதும் எனக்கு அந்த வாங்குதான் கண்முன் வந்தது. என் மகள் அப்படி ஒரு வாங்கில் உட்காருவாள், என்னைப் போல ஒருவன் அவளைக் காக்க வைப்பான். அந்த நினைப்பே எனக்குப் பொறுக்கவில்லை.

அதை நேரிலும் பார்த்தேன். கொழும்பில் கண் ஆஸ்பத்திரிக்கு நான் வந்த அன்று நீ என்னையும் கூட்டிக்கொண்டு ஒரு பெரிய கம்பெனிக்குப் போனாய், ஞாபகம் இருக்கிறதா? பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். பதினொன்றரை வரை உட்கார்ந்திருந்தோம். பிறகு ஒரு பெண் வந்து, ஐயா கூட்டத்தில் இருக்கிறார், அடுத்த வாரம் வாருங்கள் என்றாள். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. நீயோ அந்தப் பெண்ணிடம் சிரித்து, அவள் மகளுக்குக் காய்ச்சல் குறைந்துவிட்டதா என்று சிங்களத்தில் விசாரித்துவிட்டு வந்தாய். பஸ்ஸில் நான் உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டேன். "இதுக்கா உன்ன கம்பஸ் வரைக்கும் படிக்க வச்சேன்?" நீ கோபப்படவில்லை. "பரவாயில்லப்பா, அவரு தருவாரு. ஒரு மாசம் போகட்டும், பாருங்க" என்றாய். ஒரு மாதம் கழித்து நீ அழைத்து, "அப்பா, அந்தக் கம்பெனி வருசம் முழுக்க எங்க இதழ எடுத்துருச்சு, நான் தனியா பேசி முடிச்சது" என்று குதித்துக்கொண்டு சொன்னாய். நான் "சரி, சாப்ட்டியா?" என்றேன். உன் குரல் அப்படியே இறங்கியது. இந்தப் பக்கம் இருந்து அது எனக்குக் கேட்டது. கேட்காத மாதிரி மழையைப் பற்றிப் பேசினேன்.

உண்மையைச் சொன்னால், இந்தக் கெட்டிக்காரத்தனம் உனக்குப் பன்னிரண்டாம் வகுப்பிலேயே இருந்தது. பள்ளிக்கூடத்துச் சிறப்பு மலருக்கு விளம்பரம் சேர்க்கச் சொன்னபோது, மற்றப் பிள்ளைகள் மாமா கடை, சித்தப்பா கடை என்று ஆளுக்கு ஒன்று கொண்டுவந்தார்கள். நீ டவுனில் உள்ள சிங்களக் கடைகளில் ஒவ்வொன்றாக ஏறி, பார்மசி, சைக்கிள் கடை, கல்யாண மண்டபம் என்று பதினான்கு விளம்பரம் கொண்டுவந்தாய். தமிழ்ப் பள்ளிக்கூட மலரில் சிங்களத்தில் வாழ்த்துச் சொல்லி அத்தனை பேர் விளம்பரம் போட்டது அதுதான் முதல் தடவை. அதிபர் மேடையில் கூப்பிட்டுப் பாராட்டினார். நான் வீட்டுக்கு வந்து, கடை கடையாக ஏறி இறங்குவது கந்தோர் ஸ்டாஃப் வீட்டுப் பிள்ளைக்கு அழகா என்று திட்டினேன். நீ "பரவாயில்லப்பா" என்று சொல்லிவிட்டு அந்த மலரை எங்கேயோ ஒளித்து வைத்துவிட்டாய். அதை நான் இன்றுவரை பிரித்துப் பார்த்ததில்லை.

இனி பவளம் விஷயத்துக்கு வருகிறேன். இத்தனை நேரம் சுற்றி வளைத்ததும் அதைத் தள்ளிப்போடத்தான். பவளமும் நானும் ஒரே லயத்தில் இரண்டு கதவு தள்ளிப் பிறந்தவர்கள். நான் கந்தோருக்குப் போய் குவாட்டர்ஸில் குடியேறியதும் கூட விளையாடியவர்களே "ஐயா" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவள் மட்டும் "அண்ணே" என்பதை மாற்றவில்லை. உன் அம்மா காய்ச்சலில் ஒரு மாதம் கிடந்தபோது உனக்குத் தலை பின்னி, சோறு கட்டி, ஓயா ஆற்றின் மேலே போகும் அந்தத் தொங்கு பாலத்தைக் கையைப் பிடித்துத் தாண்ட வைத்தது அவள்தான். அந்தப் பாலத்தின் பலகைகள் இரண்டு வருடமாக உளுத்துக்கொண்டிருந்தன. தோட்டத்தைக் கேட்டால் பிரதேச சபையின் வேலை என்பார்கள், சபையைக் கேட்டால் தோட்டத்தின் வேலை என்பார்கள். போன சித்திரை முடிந்ததும் பவளமே வீடு வீடாகப் போய் ஒரு மனுவில் கையெழுத்து வாங்கினாள். லயத்தில் இருபத்தாறு பேர், அந்தக் கரைச் சிங்களக் கிராமத்தில் பதினான்கு பேர். பெருவிரல் அடையாளங்களும் இருந்தன. சனிக்கிழமை எல்லாருமாகச் சேர்ந்து சபைக்குப் போவதென்று பேசி வைத்திருந்தார்கள். போவதற்கு முன்னால், எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி என்னிடம் கொண்டுவந்தாள்.

நான் வாங்கிப் பார்த்தேன். பிழை அதிகம் இல்லை. அதைத் திருப்பிக் கொடுத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அவள், "அண்ணே, நம்ம சுகந்தி பேப்பர்லயும் இது வந்துச்சுன்னா நல்லாருக்கும்ல?" என்று கேட்டுவிட்டாள். அந்த நேரத்தில், "சுகந்தி எழுதுறவ இல்ல, விளம்பரம் பிடிக்கிறவ" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஐந்தே சொல் இருக்குமா? அதற்குப் பதிலாக என் வாய் வேறு என்னென்னவோ பேசியது. "வந்துச்சுன்னா என்ன, வரும். நீங்க கூட்டமா போகாதீங்க, துரை தப்பா எடுத்துக்குவாரு. இத என்கிட்ட விட்டுடு. சுகந்தி போட்டான்னா சபைக்காரங்களே தேடிக்கிட்டு வருவாங்க" என்றேன். பவளத்தின் முகம் மலர்ந்துவிட்டது. சனிக்கிழமைப் பயணத்தை நிறுத்திவிட்டார்கள். நாற்பது பேர் கையெழுத்துப் போட்ட அந்தக் காகிதம் என் அலுமாரியில், காணி உறுதிப் பத்திரத்துக்குக் கீழே போய்ச் சேர்ந்தது.

அதற்குப் பிறகு அவள் என்னைக் கண்டபோதெல்லாம் கேட்டாள். முதல் தடவை, அடுத்த வாரம் வரும் என்றேன். இரண்டாம் தடவை, ஆசிரியர் பார்த்துக்கொண்டிருக்கிறாராம் என்றேன். மூன்றாம் தடவை கேட்டபோது எனக்கு எரிச்சல் வந்துவிட்டது, பொய் சொல்கிறவனுக்கு வருகிற எரிச்சல். "அவளுக்கு அங்க ஆயிரம் வேல பவளம். நேரமில்லன்னு சொல்றா, நான் என்ன பண்ண?" என்றேன். இந்த வாக்கியத்தை இரண்டு தடவை வாசி சுகந்தி. நீ கேள்வியே படாத ஒரு மனுவை நீ தட்டிக் கழித்துவிட்டாய் என்று நான்தான் சொன்னேன். என் பொய்யைக் காப்பாற்ற உன்னை முன்னால் தள்ளிவிட்டேன். பவளம் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டாள். அதற்கப்புறம் அவள் கேட்கவே இல்லை.

ஆடி மாதம் ஒரு காலை, ரப்பர் பால் வெட்டி முடித்து வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வரும்போது பாலத்தின் நடுவில் பலகை உடைந்து அவள் கீழே கல்லில் விழுந்தாள். கூட வந்தவர்கள் இறங்கித் தூக்கியபோது ஓயாத் தண்ணீர் கொஞ்ச தூரத்துக்கு வெள்ளையாக ஓடிக்கொண்டிருந்ததாம். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. கரவனெல்ல ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனேன். படுக்கையில் இருந்தபடி என்னிடம் கேட்டாள்: "சுகந்திகிட்ட சொன்னீங்களா அண்ணே? இப்பவாவது ஒரு வரி போடுமா அந்தப் புள்ள?" குரலில் கோபம்கூட இல்லை. நான் "சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, வாங்கிப்போன தோடம்பழப் பையைப் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே வந்து பஸ் ஏறினேன். பத்து நாளில் தோட்டமே புதுப் பலகை போட்டுவிட்டது. ஒரு மனு செய்ய வேண்டிய வேலையை ஒரு பெண்ணின் இடுப்பு செய்தது. பவளத்தால் இனி மலை ஏறிப் பால் வெட்ட முடியாது. கோல் ஊன்றித்தான் நடக்கிறாள்.

உன்னிடம் நான் "பவளம் வழுக்கி விழுந்துட்டா" என்று மட்டும் சொன்னேன். நீ பதறிப்போய் அவளுக்கு அழைத்தாய், இரண்டு மூன்று தடவை. அவள் எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்று கேட்டபோது, "லயத்துப் பக்கம் சிக்னல் இல்லம்மா" என்றேன். அங்கே நம் வீட்டைவிட நன்றாகச் சிக்னல் இருக்கிறது. அந்த வாரத்திலேயே ஒரு நாள் சும்மா பேச்சுவாக்கில் கேட்பதுபோல், ஊர்ப் பிரச்சினை ஒன்றை இதழில் போடச் சொல்லி உன்னைப் போன்றவர்கள் சொன்னால் போடுவார்களா என்று கேட்டேன். நீ சொன்னாய்: "நாங்க சொல்லவே கூடாதுப்பா. விளம்பரம் எடுக்கிறவங்க செய்திப் பக்கம் தலை காட்டக் கூடாது, அது எங்க கம்பெனில கண்டிப்பு. ஆனா வாசகர் யாரு வேணும்னாலும் எழுதி அனுப்பலாம். எல்லாத்தையும் ஆசிரியர் குழு வாசிக்கும், விசாரிச்சுட்டுப் போடுவாங்க. ஏன்ப்பா, ஏதாச்சும் இருக்கா?" நான் சும்மா கேட்டேன் என்றேன். யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். இந்தத் தோட்டத்தில் முப்பது வருடமாக எல்லாருக்கும் கடிதம் எழுதிக் கொடுத்தவன் நான். தினமும் உன் இதழை வாசிக்கிற வாசகனும் நான்தான்.

தினமும் வாசிக்கிறேன் என்று சொன்னேனே, அதிலும் ஒரு குற்றம் இருக்கிறது. இப்போது கைத்தொலைபேசியில்தான் பார்க்கிறேன். விடியலில் பிரட்டுக் களத்தில் பெயர் கொடுக்க ஆள் போகிற நேரத்தில் தேநீரோடு உட்கார்ந்து, தலைப்புச் செய்தியிலிருந்து வானிலை வரை ஒரு வரி விடாமல் வாசிப்பேன். இடையில் விளம்பரம் வந்தால் விரலால் தள்ளிவிடுவேன். நான்கு வருடமாக உன் கம்பெனியில் மற்றவர்கள் செய்த வேலையை எல்லாம் வாசித்துவிட்டு, நீ செய்த வேலையை மட்டும் தள்ளிவிட்டிருக்கிறேன். அது உன்னுடையது என்று எனக்குத் தெரியும்.

தீபாவளிக்கு நீ கொடுத்த பலகாரத் தட்டுகள் எல்லா வீட்டிலிருந்தும் ஏதாவது ஒன்றோடு திரும்பி வந்தன. சீனியோ, இரண்டு வாழைப்பழமோ, அவர்கள் வீட்டு முறுக்கோ. தட்டை வெறுமனே திருப்பி அனுப்புவது நம்மிடம் வழக்கமில்லை. பவளம் வீட்டுத் தட்டு நீ துணி போட்டு மூடிய மாதிரியே, ஒரு அதிரசம்கூடக் குறையாமல் திரும்பி வந்தது. நீ அதைக் குசினியில் அடுப்புப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாய். நான் பார்த்தேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

போன சனிக்கிழமை உன் அம்மாவும் நானும் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, குங்குமம் வைத்துக்கொண்டு லயத்துக்கு அழைப்புச் சொல்லப் போனோம். பவளம் குங்குமம் எடுத்துக்கொண்டாள், வெற்றிலையை இரண்டு கையாலும் வாங்கினாள். பிறகு சொன்னாள்: "கட்டாயம் வருவோம் அண்ணே, நீங்க கூப்புட்டு வராம இருப்போமா. ஆனா கோவிச்சுக்காதீங்க, ஒன்னு கேக்குறேன். நாப்பது பேரு கையெழுத்துப் போட்ட கடுதாசியப் பாத்தும் ஒரு வரி எழுதாத புள்ள, கல்யாணத்துல எங்களயெல்லாம் கண்டா அடையாளம் தெரியுமா?" பக்கத்துக் கதவுகளில் நின்றவர்கள் எல்லாம் கீழே பார்த்தார்கள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, இது பவளத்தின் பேச்சு மட்டுமில்லை, அந்த லயத்தின் பேச்சு. அத்தனை பேரும் உன் கல்யாணத்துக்கு வந்து, உன்னை அந்தக் கண்ணோடுதான் பார்த்துவிட்டுப் போவார்கள்.

திரும்பி வரும் வழியில் உன் அம்மா, "எந்தக் கடுதாசி?" என்று கேட்டாள். அவளுக்கும் நான் சொல்லியிருக்கவில்லை. பாதையிலேயே நின்று சொன்னேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டவில்லை. வீட்டுக்கு வந்து, தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டு, "புள்ள பேரக் கெடுத்தது நீங்க. நீங்களே போயி சரி பண்ணுங்க. நான் கூட வரமாட்டேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, எல்லாரும் வீட்டில் இருக்கிற நேரம் பார்த்து, அலுமாரியில் இருந்த மனுவை எடுத்துக்கொண்டு போனேன். பவளம் வாசற்படியில் காலை நீட்டி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். காகிதத்தை அவள் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னேன். சுகந்தி பேப்பரில் எழுதுகிறவள் இல்லை, ஒருநாளும் இருந்ததில்லை, இந்த மனுவை அவள் கண்ணால் கண்டதில்லை, இப்படி ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது, எல்லாம் நான் சொன்ன பொய் என்றேன். பவளம் காகிதத்தைப் பிரித்து, கையெழுத்துகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டே போனாள். "இது உங்க வீட்லயேதான் இருந்துச்சா?" என்றாள். ஆமாம் என்றேன். "அந்தப் புள்ளைக்குத் தெரியவே தெரியாதா?" தெரியாது என்றேன். இடுப்பைப் பற்றித்தான் கேட்கப்போகிறாள் என்று நான் என்னைத் தயார்படுத்திக்கொண்டிருந்தேன். அவள் கண் கலங்கி, "நான் அந்தப் புள்ள தட்ட அப்படியே திருப்பி அனுப்பிட்டேனே அண்ணே" என்றாள். அவள் பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரம் அழுதுவிட்டு முகத்தைத் துடைத்தாள். பிறகு அவள் பழைய பவளம் ஆகிவிட்டாள். "என்கிட்ட மட்டும் சொன்னா போதுமா? அந்தப் புள்ளயப் பேசுனது நான் மட்டுமா? எந்திரிங்க" என்று சொல்லிவிட்டு, கோலைத் தரையில் தட்டி, ஒவ்வொரு வீட்டு ஆளாகப் பெயர் சொல்லி வெளியே கூப்பிட்டாள். பதினொரு கதவிலிருந்தும் ஆட்கள் வந்து நின்றார்கள். நான் லயத்து வாசலில், வெயிலில் நின்று, முதலிலிருந்து முழுவதையும் திரும்பவும் சொன்னேன். யாரோ ஒருவர், "அப்ப நீங்களே எழுதியிருக்கலாமே ஐயா?" என்று கேட்டார். ஆமாம், எழுதியிருக்கலாம் என்றேன். பவளம்தான் அடுத்ததைக் கேட்டாள்: "அப்ப நம்ம சுகந்தி அங்க என்னதான் வேல பாக்குது?"

நான்கு வருடத்தில் முதல் தடவையாக உன் வேலையை நான் வாய்விட்டுச் சொன்னேன் சுகந்தி. நீ எனக்குச் சொன்னதை எல்லாம் ஞாபகப்படுத்திச் சொன்னேன். கம்பெனி கம்பெனியாகப் போகிறாள், காத்திருக்கிறாள், முடியாது என்று சொன்னவர்களிடமே திரும்பப் போகிறாள், அவள் கொண்டுவருகிற விளம்பரத்தால்தான் அந்த இதழ் ஓடுகிறது, அதனால்தான் நம்மைப் போன்றவர்கள் சும்மா வாசிக்க முடிகிறது என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே குரல் உயர்ந்தது. பவளம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப எழுதுறவங்களுக்குச் சம்பளம் வர்றதே இந்தப் புள்ளயாலதான்னு சொல்லுங்க. இத எதுக்கு அண்ணே மறைச்சீங்க?" என்றாள். "வெக்கமா இருந்துச்சு" என்றேன். "எதுக்கு வெக்கம்?" என்றாள். அந்த வாசலில் நின்று பார்த்தபோது எதற்கென்று எனக்கே விளங்கவில்லை.

கல்யாணமாகிப் போகிற பெண்ணுக்கு அப்பா நாலு புத்தி சொல்ல வேண்டும். எனக்கு அந்த யோக்கியதை குறைந்துவிட்டது, ஆனாலும் பழக்கம் விடவில்லை. மாப்பிள்ளை வீட்டில் யாராவது உன் வேலையைக் கேட்டால், வேறு யாரும் வாயைத் திறப்பதற்கு முன்னால் நீயே சொல்லிவிடு. அவர்கள் அதைச் சுருக்கியோ அலங்கரித்தோ வெளியே சொன்னால், அங்கேயே திருத்து. இன்னொன்று. உனக்கு எதற்கெடுத்தாலும் "பரவாயில்லப்பா" என்று சொல்கிற பழக்கம் இருக்கிறது. பஸ்ஸில் நான் அப்படிக் கேட்டபோதும், மலருக்காகத் திட்டியபோதும் பரவாயில்லை என்றாய். அந்தப் பரவாயில்லையில் நான் இத்தனை வருடம் சொகுசாக இருந்துவிட்டேன். உன் புருஷனுக்கு அவ்வளவு சுலபமாக அதைக் கொடுத்துவிடாதே. இதை நான் தொலைபேசியில் சொல்லாமல் எழுதுவதும் அதனால்தான். பாதி சொல்வதற்குள் நீ பரவாயில்லை என்றுவிடுவாய், நானும் அதை வாங்கிக்கொண்டு போனை வைத்துவிடுவேன்.

பவளம் அன்றைக்கே உனக்கு அழைக்க வேண்டும் என்று நின்றாள். முதலில் என் கடிதம் போய்ச் சேரட்டும், இதை நீ என் மூலமாகத்தான் கேட்க வேண்டும் என்று கெஞ்சினேன். வருகிற சனிக்கிழமை வரை பொறுப்பதாக ஒத்துக்கொண்டாள். நான் புறப்படும்போது கோலை ஊன்றிக்கொண்டு பாதை வரை வந்தாள். "அது கூப்புட்டப்ப நான் வேணும்னே எடுக்கல அண்ணே. கையிலதான் வச்சுக்கிட்டு இருந்தேன், அடிச்சு முடியிற வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தேன். இப்ப நான் கூப்புட்டு, அது எடுக்காம விட்டுருச்சுன்னா?" என்றாள்.

எடுப்பாள் என்று நான் சொல்லவில்லை. உன் பெயரில் இனி ஒரு வார்த்தையும் நானாகச் சொல்வதில்லை என்று வைத்திருக்கிறேன். உன்னிடம்தான் கேட்கிறேன். சனிக்கிழமை பவளம் அழைப்பாள், எடுத்துப் பேசு. நான் அழைத்தால் எடுப்பதா வேண்டாமா என்பதை நீ மெதுவாக யோசித்துக்கொள்.

அப்பா